ரேபிஸ் ரத்தத்தில் போவதில்லை என்றால் மூளைக்கு எப்படிப் போகிறது? நாள் கணக்கு இடிக்கிறது

பட்டயவகுப்பு (கேள்வி)

கால்நடைப் பராமரிப்புப் பட்டய மாணவர்களுக்காக வைரஸும் நரம்பு மண்டலமும் பற்றி ஒரு பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் நிற்கிறது.

முதலாவது, கணக்கு. ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியாக ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை நகரும் என்று படிக்கிறோம். கெண்டைக்காலில் கடிபட்ட பெரியவருக்குத் தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். அப்படியானால் 10, 20 நாளில் போய்ச் சேர வேண்டும். ஆனால் நோய் வெளிப்படப் பொதுவாக 2, 3 மாதம் ஆகிறது. ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. மீதி நாளெல்லாம் வைரஸ் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசுக்கடியில் தொடங்கி ரத்தத்தில் வருகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே தடை இருக்கிறது என்று அடுத்த பாடத்திலேயே நாங்கள்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அதை எப்படித் தாண்டுகிறது?

மூன்றாவது, நடைமுறை. வெறிபிடித்துச் செத்த மாட்டிலிருந்து மாதிரி எடுத்தால் மூளைத்தண்டு கட்டாயம் என்கிறார்கள். பழைய குறிப்புகளில் மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி என்று இருக்கிறது. எது சரி, ஏன்?

மூலக்கூறு

உங்கள் கூட்டல் கழித்தல் சரிதான். கடித்த நிமிடமே வைரஸ் நரம்பில் ஏறிப் புறப்பட்டுவிடும் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல். பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரத்தையும் பயண நேரத்தில் சேர்த்துவிட்டு, பஸ் மெதுவாகப் போகிறது என்று சொல்ல முடியாது இல்லையா? இங்கே பயணம் நாள் கணக்கு, காத்திருப்பு மாதக் கணக்கு. அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் கடிவாயிலேயே, தசைக்குள் நடக்கிறது.

ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவம். நீளம் சுமார் 180 நானோமீட்டர், அகலம் சுமார் 75. வெளியே கொழுப்புறை, அதில் ஜி புரதம் என்னும் முட்கள். உள்ளே சுமார் 12,000 எழுத்துள்ள ஒற்றை ஆர்என்ஏ இழை. ஐந்தே ஐந்து புரதங்களுக்குத்தான் அதில் குறிப்பு இருக்கிறது. எச்சிலோடு தசைக்குள் இறங்கியதும் ஜி புரதம் செல்லின் மேற்பரப்பில் உள்ள நிகோடினிக் அசிடைல்கோலின் ஏற்பி என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இந்த ஏற்பி நெருக்கமாகக் குவிந்திருக்கிறது. ஆனால் அது தசைப் பக்கத்து ஏற்பி என்பதைக் கவனியுங்கள். அதில் ஒட்டுவதால் வைரஸ் நரம்பு முனைக்கு அருகில் சேர்கிறதே தவிர, நரம்புக்குள் போய்விடுவதில்லை. நரம்பு முனையில் ஏற என்-கேம், பி75 நியூரோட்ராஃபின் ஏற்பி போன்ற வேறு பிடிகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் இரண்டு பாதை பிரிகிறது. நேராக நரம்பு முனையில் ஏறலாம். அல்லது தசைநாருக்குள் புகுந்து மிக மெதுவாகப் பெருகிக்கொண்டு கிடக்கலாம். வட அமெரிக்காவில் ரேபிஸைச் சுமக்கும் ஸ்கங்க் என்ற விலங்கில் செய்த சோதனையில், ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்தும் அந்தத் தசையிலேயே வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. மூளைக்கு இன்னும் போகவே இல்லை. நீங்கள் தேடுகிற மீதி நாள்கள் இவைதான்.

நரம்பில் ஏறிய பிறகு தாமதமில்லை. நரம்பு முனையின் சவ்வு உள்மடிந்து வைரஸை ஒரு சிறு பைக்குள் முழுசாக வாங்கிக்கொள்கிறது. நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்ஸானுக்குள் நீளவாக்கில் நுண்குழல்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு குழலுக்கும் திசை உண்டு. டைனீன் என்ற இயக்கப் புரதம் செல் உடலை நோக்கி மட்டும் நடக்கும், கைனெசின் எதிர்ப்பக்கம். ரேபிஸைச் சுமக்கும் பை டைனீனோடு கட்டப்பட்டுத் தண்டுவடத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. பி75 ஏற்பியோடு சேர்ந்து போகும் பைகள் வேகமாகவும் இடையில் நிற்காமலும் போகின்றன என்று நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். செல் உடலை அடைந்த பிறகு பைக்குள் அமிலத்தன்மை கூடி பிஎச் சுமார் 6.3-க்குக் கீழே வரும்போது ஜி புரதம் வடிவம் மாறுகிறது. வைரஸின் உறை பையின் சவ்வோடு கலந்து ஆர்என்ஏ வெளியே கொட்டுகிறது.

அங்கிருந்து சினாப்ஸ் என்ற சந்திப்பைத் தாண்டி அடுத்த நியூரான், அதாவது அடுத்த நரம்புச் செல். மூளைக்கு ஏறும் வழியில் இதுவும் பின்னோக்கித்தான், அதாவது அந்த நியூரானுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் மேல் நியூரானுக்கு. இந்த ஒழுக்கம் அவ்வளவு துல்லியமானது என்பதால், ஜி புரத மரபணுவை நீக்கிய ரேபிஸ் வைரஸை வைத்து எந்த நியூரான் எதோடு இணைந்திருக்கிறது என்று நரம்பியல் ஆய்வகங்கள் 2007-லிருந்து வரைபடம் போடுகின்றன. ஒரு சினாப்ஸ் தாண்டியதும் நின்றுவிடும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

பாடக்குறிப்பில் ஆதாரம் சேர்க்க வேண்டுமென்றால் பழைய சோதனைகளே போதும். காலுக்குப் போகும் நரம்பை முன்கூட்டியே வெட்டிவிட்டுக் காலில் வைரஸைச் செலுத்தினால் நோய் வராது. நுண்குழல்களைக் கலைக்கும் கோல்கிசின் மருந்தை நரம்பைச் சுற்றி வைத்தாலும் வைரஸ் மேலே ஏறாது. ஜி புரதத்தில் 333-வது இடத்தில் இருக்கும் ஆர்ஜினைன் என்ற ஒரே அமினோ அமிலத்தை மாற்றினால், வைரஸ் உயிரோடு இருந்தாலும் நரம்பில் பரவும் திறனை இழந்து சாதுவாகிவிடுகிறது. ஐரோப்பாவில் நரிகளுக்கு இரையில் வைத்துப் போட்ட சில தடுப்புமருந்துகள் இந்த மாற்றத்தை நம்பியவை.

தெற்குவாசல்

மேலே சொன்னதோடு ஒன்று. முகத்தில் கடித்தால் சீக்கிரம் வரும், காலில் கடித்தால் தாமதமாகும் என்பதற்கு எல்லாரும் தூரத்தை மட்டும் காரணம் சொல்கிறார்கள். தூரம் பாதிக் காரணம்தான். முகம், உதடு, விரல் நுனி ஆகிய இடங்களில் நரம்பு முனைகள் மிக நெருக்கம். அதனால் வைரஸ் தசையில் தங்காமல் நேரே ஏறும் வாய்ப்பு கூடுகிறது. விரலிலிருந்து தண்டுவடம் வரையும் நல்ல தூரம்தான், ஆனாலும் விரல் கடியை ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான். காயத்தின் ஆழமும் எச்சிலில் இருந்த வைரஸின் அளவும் சேர்ந்துகொள்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாமே பாதகம். நாயின் வாய் உயரத்தில் முகம், உடம்பும் குட்டை.

பரிசோதனைக்கூடம்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

வைரஸ் தண்டுவடம் ஏறி மூளைக்குள் வரும் வாசல் மூளைத்தண்டு. மற்ற பகுதிகளுக்கு அது பிறகுதான் பரவுகிறது. ஹிப்போகாம்பஸ் பழைய குறிப்பில் வந்ததற்குக் காரணம் நெக்ரி துகள்கள். 1903-ல் அடெல்கி நெக்ரி கண்டுபிடித்த அந்தத் துகள்கள் ஹிப்போகாம்பஸ் நியூரான்களிலும் சிறுமூளையின் புர்கின்ஜி செல்களிலும் பெரிதாக, சாயமேற்றினால் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். பார்க்க எளிது என்பதற்காகத் தேர்ந்த இடம் அது. ஆனால் ரேபிஸ் உறுதியான விலங்குகளிலேயே ஒரு பகுதியில் நெக்ரி துகள் தென்படாது. இன்றைய அளவுகோல் நேரடி ஒளிர் எதிர்ப்பொருள் சோதனை, அதாவது வைரஸில் ஒட்டும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்ப்பது. அதற்கு மூளைத்தண்டின் முழுக் குறுக்குவெட்டும் சிறுமூளையும் வேண்டும். சிறுமூளை கிடைக்காவிட்டால் ஹிப்போகாம்பஸைச் சேர்த்துக்கொள்ளலாம்.

"முழுக் குறுக்குவெட்டு" என்பதை மாணவர்களுக்கு அடிக்கோடிட்டுச் சொல்லுங்கள். மாடு, குதிரை போன்ற பெரிய விலங்கில் வைரஸ் ஒரு பக்கமாக ஏறி வந்திருக்கலாம். இடப்பக்கத்துத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால், வலப்பக்கத்தில் இருக்கிற வைரஸ் கண்ணில் படாமல் போகும்.

களத்தில் மண்டையோட்டைத் திறக்க வசதியில்லை என்றால் பின்மண்டைத் துளை வழி போதும். தலையைக் கழுத்து முதல் எலும்போடு சேரும் இடத்தில் பிரித்துவிட்டு, சுமார் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான உறிஞ்சுகுழலை அந்தத் துளைக்குள் ஒரு கண்ணை நோக்கிச் சாய்த்துத் திருகிக்கொண்டே செலுத்துங்கள். முகுளம், சிறுமூளையின் அடிப்பகுதி, இன்னும் உள்ளே போனால் ஹிப்போகாம்பஸ் வரை குழலுக்குள் அடுக்காக வந்துவிடும். மின்ரம்பம் வேண்டாம், மூளைத் திசு துகளாகத் தெறிக்கும். முன்தடுப்பூசி போட்டவர் மட்டும், இரட்டைக் கையுறை, முகக்கவசம், கண் மறைப்போடு செய்ய வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஃபார்மலினில் போட்டு அனுப்புவது முதலாவது. ஒளிர் சோதனைக்குப் பதப்படுத்தாத திசுதான் வேண்டும். இரண்டாவது, உறைய வைத்து, உருக விட்டு, மறுபடி உறைய வைப்பது. 2 முதல் 8 டிகிரியில் ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புவது நல்லது. முடியாவிட்டால் 50 சதவீத கிளிசரால் கலந்த உப்புக்கரைசலில் போட்டு வையுங்கள், சோதனைக்கு முன் கூடத்தில் கழுவிக்கொள்வார்கள். மூன்றாவது அழுகல். அழுகிய மூளையில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் நம்பக் கூடாது. இதை அறிக்கையில் எழுதாமல் விடுவதால், கடிபட்டவர்கள் ஊசியை நடுவில் நிறுத்திவிடும் அபாயம் இருக்கிறது.

உயிரோடிருக்கும் நோயாளியில் ரத்தப் பரிசோதனை ஏன் உதவாது என்பதும் இதே கதைதான். ரத்தத்தில் வைரஸ் இல்லை. மூளையை நிரப்பிய பிறகு அது நரம்புகள் வழியாகவே வெளியே இறங்குகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி, விழிவெண்படலம், மயிர்க்கால்களைச் சுற்றிய நுண்நரம்புகள், இதயம் வரை போகிறது. அதனால் எச்சிலில் வைரஸின் ஆர்என்ஏவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை, பின்கழுத்து மயிர்க்கோட்டில் 5, 6 மில்லிமீட்டர் தோல் துண்டு, அதில் குறைந்தது 10 மயிர்க்கால். எச்சிலில் வைரஸ் விட்டு விட்டு வருவதால் ஒரு தடவை நெகட்டிவ் என்பதை முடிவாகக் கொள்ளக் கூடாது, சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும்.

கொசுவலை

ஜப்பானிய மூளைக்காய்ச்சலை ரேபிஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் எடுப்பது நல்ல யோசனை, ஏனென்றால் எல்லாமே தலைகீழ்.

க்யூலெக்ஸ் ட்ரைடேனியோரிங்கஸ் என்ற நெல்வயல் கொசு தோலில் வைரஸை இறக்குகிறது. தோலில் காவல் காக்கும் டெண்ட்ரிடிக் செல்கள் அதை வாங்கிக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்கே பெருகி ரத்தத்தில் கலக்கிறது. பன்றியில் இந்த ரத்தக் கட்டம் சில நாள்தான், ஆனால் அளவு மிக அதிகம். கடிக்கிற கொசுவெல்லாம் வைரஸை எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு இருக்கும். கொக்கு, நாரை இனப் பறவைகளிலும் அப்படியே. மனிதரிலும் குதிரையிலும் அளவு குறைவு. நம்மைக் கடித்த கொசு இன்னொருவருக்குக் கொடுக்காது. ரத்தத்தில் வைரஸைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காததும் இதனால்தான். தண்டுவட நீரில் ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடுகிறோம். நோய் தொடங்கிய முதல் சில நாளில் அதுவும் நெகட்டிவாக வரலாம், ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

தடை விஷயம். மூளையின் நுண்குழாய்களில் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியில்லாமல் தைத்தாற்போல் ஒட்டியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பெரிசைட்டுகள் என்ற துணைச் செல்கள், அதற்கும் வெளியே ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற மூளைச் செல்களின் பாதங்கள். வைரஸ்கள் இதைக் கடக்கும் வழிகள் பல. உட்சுவர்ச் செல்லையே தொற்றி மறுபக்கம் வெளியேறுவது ஒன்று. வெள்ளையணுவுக்குள் ஒளிந்து அதோடு உள்ளே போவது இன்னொன்று. மூளைத்திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பின்னல் போல இறுக்கம் குறைந்த பகுதிகளும் உண்டு. மூக்கு தனி வாசல். மோப்ப நியூரான்கள் சளிச்சவ்வில் நேரடியாக வெளியுலகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அவற்றின் இழைகள் சல்லடை எலும்பைத் தாண்டி நேரே மூளைக்குள் போகின்றன.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பலர் நினைப்பது, தடை முதலில் உடைகிறது, பிறகு வைரஸ் நுழைகிறது என்று. எலிச் சோதனைகள் மாறாகக் காட்டுகின்றன. வைரஸ் முதலில் சத்தமில்லாமல் உள்ளே போய் நியூரான்களில் பெருகுகிறது. அதற்கு எதிர்வினையாக மூளைச் செல்கள் கொட்டும் அழற்சிப் பொருள்கள்தான் பிறகு உட்சுவரின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அதன்பின் வெள்ளையணுக்கள் கூட்டமாக நுழைய, வீக்கமும் சேதமும். மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸ், பேசல் கேங்க்லியா, சப்ஸ்டான்ஷியா நைக்ரா ஆகிய பகுதிகள் அதிகம் அடிபடுகின்றன. பிழைத்தவர்களில் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் முகத்தில் உணர்ச்சியின்மையும் தங்கிவிடுவதற்குக் காரணம் இதுவே.

அளவை மறக்க வேண்டாம். தொற்றியவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே மூளைக்காய்ச்சலாக நோய் தெரிகிறது. தெரிந்தவர்களில் 30 சதவீதம் வரை இறப்பு, பிழைத்தவர்களில் 20 முதல் 30 சதவீதத்துக்கு நிரந்தரப் பாதிப்பு. தடை பெரும்பாலும் வேலை செய்கிறது என்றுதான் இதற்குப் பொருள். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் முதலில் உறுதியானது 1955-ல், வேலூர்ப் பகுதியில்.

வழியைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவைவிட நல்ல பாடம் இல்லை. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணையாள்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கொண்டார்கள். கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. வந்ததோ குழந்தைகளுக்கு அல்ல, பன்றியைக் கையாலே தொட்டு வேலை செய்த பெரியவர்களுக்கு. பன்றிகளும் கடுமையாக இருமின. 1999 மார்ச்சில் புது வைரஸ் பிரிக்கப்பட்டது, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிபா. பரவியது பன்றியின் சளி, எச்சில் வழியாக. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகுதான் அடங்கியது. மலேசியாவில் மட்டும் 265 பேருக்கு நோய், 105 இறப்பு.

நிபாவின் கைப்பிடி எஃப்ரின்-பி2, பி3 என்ற ஏற்பிகள். முதலாவது ரத்தக்குழாய் உட்சுவரிலும் நியூரானிலும் இருக்கிறது. அதனால் அது தடையைத் தாண்டுகிறது என்பதைவிட, தடையையே தின்கிறது என்று சொல்லலாம். சிறு குழாய்கள் அழன்று அடைபட்டு, மூளையில் பொட்டுப் பொட்டாகத் திசு சாகிறது. எம்ஆர்ஐயில் வெள்ளைப்பகுதியில் சில மில்லிமீட்டர் புள்ளிகள் சிதறித் தெரியும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் தாலமஸ் இரு பக்கமும் தெரிவதற்கும் இதற்கும் வேறுபாடு தெளிவு. சோதனை விலங்குகளில் மூக்கு வழியும் உறுதியாகியிருக்கிறது.

பட்டயவகுப்பு

மிக்க நன்றி. வகுப்பில் நிச்சயம் வரப்போகிற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுகிறேன். வைரஸ் மெதுவாகத்தான் கிளம்புகிறது என்றால் ஊசியை நாலு நாள் கழித்துப் போட்டுக்கொள்ளலாமே என்பான் ஒருவன். நோய் தெரிந்த பிறகு அதே ஊசி ஏன் பயன்படவில்லை என்பான் இன்னொருவன். அப்புறம், வெறிபிடித்த மாட்டின் பாலைக் குடித்த வீட்டுக்காரர்களுக்கு என்ன சொல்வது?

ஊசியறை

முதல் பையனுக்குப் பதில்: தங்குமா, நேரே ஏறுமா என்று கடிவாயைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் நோய் வந்ததும் உண்டு. அதோடு, தடுப்பூசி போட்ட அன்றே எதிர்ப்பொருள் வந்துவிடுவதில்லை, 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் காயத்துக்குள்ளேயே போடுகிற, எதிர்ப்பொருள் தயாராக இருக்கும் சீரம் ஊசி.

வரிசை இப்படி. காயத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாக 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு கரைக்கிறது, தசையில் இறங்காமல் மேலே கிடப்பது அங்கேயே போய்விடுகிறது. பிறகு பொவிடோன் அயோடின். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் வைப்பது திசுவை எரித்துப் புண்ணை ஆழமாக்குவதைத் தவிர ஒன்றும் செய்யாது.

ரத்தம் வந்த காயம், தோல் கிழிந்த நகக்கீறல், வாய், கண் சவ்வில் பட்ட எச்சில் ஆகியவை மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிகுந்த வகை. இவற்றுக்குத் தடுப்பூசியோடு சீரமும் கட்டாயம். மனித இம்யூனோகுளோபுலின் என்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரைச் சீரம் என்றால் 40. 60 கிலோ ஆளுக்கு 1,200 அல்லது 2,400 யூனிட். மில்லிக்கு 150, 300 என்று கிடைக்கும் மருந்துகளில் இரண்டுமே 8 மில்லிதான் வரும். அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்க வேண்டும். முழு மருந்தையும் இடுப்பில் குத்திவிடுவது வீண். நரம்பு முனைக்குப் பக்கத்தில் இருக்கிற வைரஸை அங்கேயே மறிப்பதுதான் நோக்கம். பல காயம், மருந்து போதவில்லை என்றால் உப்புநீரில் இரண்டு மூன்று மடங்கு கரைத்து எல்லாக் காயத்துக்கும் போடலாம், ஒரு காயத்தையும் விடக் கூடாது. விரல் நுனியில் அழுத்திப் போட்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், கொஞ்சமாக, மெதுவாக. தையல் கூடுமானவரை வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் சீரம் போட்ட பிறகு, தளர்வாக.

தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் இரண்டு கையிலும் 0.1 மில்லி வீதம் 0, 3, 7, 28-வது நாள்களில். தோல் மேல் சிறு கொப்புளம் எழும்பவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, அந்தத் தவணையைத் திரும்பப் போட வேண்டும். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. புட்டத்தில் ஒருபோதும் போடாதீர்கள், கொழுப்பில் தங்கி எதிர்ப்பொருள் சரியாக வராது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டால் சீரம் தேவையில்லை, உடம்பே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்கியிருக்கும். முன்பே முழுத் தவணை போட்டவருக்குச் சீரம் வேண்டாம், 0, 3 இரண்டு நாள் தடுப்பூசி போதும்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்ற பயத்தால் இன்றைக்கும் வராமல் இருப்பவர்கள் உண்டு. அது செம்பிள் தடுப்பூசி, 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கியது. வைரஸை ஆட்டு மூளையில் வளர்த்து ஃபீனாலில் செயலிழக்கச் செய்வார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இவ்வகை நரம்புத் திசு மருந்தைத்தான் பல பத்தாண்டு தயாரித்தார்கள். ஆட்டு மூளையில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலினும் சேர்ந்தே உடம்புக்குள் போனதால், சிலருக்குத் தம் நரம்பையே தாக்கும் எதிர்வினை வந்து கைகால் விழுந்தது. 2004-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. இப்போதுள்ளது செல் வளர்ப்புத் தடுப்பூசி.

மூலக்கூறு

இரண்டாவது பையனுக்கு நான் சொல்கிறேன்.

கடிவாய்க்கும் நரம்பு முனைக்கும் நடுவே வைரஸ் செல்களுக்கு வெளியே இருக்கிறது. எதிர்ப்பொருள் தொட முடியும். நரம்புக்குள் பையில் ஏறிவிட்டால் பெரும்பாலும் தப்பித்தது. மூளைக்குள் போன பிறகு ரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தாலும் தடையைத் தாண்டி அங்கே போதிய அளவு போகாது.

இங்கேதான் ரேபிஸின் சூட்சுமம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடையைத் தளர்த்திச் சேதம் செய்கிறது என்றார் கொசுவலை. நாய்களிடம் இயற்கையாகப் பரவும் ரேபிஸ் வைரஸ் அதைத் தளரவே விடுவதில்லை. அதன் பி புரதம், வைரஸ் வந்துவிட்டது என்று செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் சமிக்ஞையை அடக்குகிறது. நியூரான்களை வெடித்துக் கொல்லாமல் உயிரோடு வைத்துக்கொள்கிறது. உள்ளே வரும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களும் அங்கேயே மடிகின்றன. எலிகளில் வீரியம் குறைத்த வைரஸைக் கொடுத்தால் தடை திறக்கிறது, வெள்ளையணுக்கள் நுழைந்து வைரஸை அகற்றி எலி பிழைக்கிறது. வீரியமுள்ளதைக் கொடுத்தால் தடை மூடியே இருக்கிறது, எலி சாகிறது. இறந்தவரின் மூளையை அறுத்துப் பார்த்தால் நோயின் கொடுமைக்குத் தகுந்த அழிவு தெரியாததும் இதனால்தான். நியூரான் இருக்கிறது, வேலை செய்யவில்லை. மூளைத்தண்டில் மூச்சையும் விழுங்குதலையும் ஒழுங்குபடுத்தும் இடங்கள் தடுமாறுவதால் தண்ணீரைப் பார்த்ததும் தொண்டையும் உதரவிதானமும் இழுத்துக்கொள்கின்றன. முடிவில் மூச்சும் இதயமும் நிற்கின்றன. சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்தப் பயமோ வெறியோ இல்லாமல் வாத வகையாக வரும். கடிபட்ட காலிலிருந்து தளர்ச்சி மேலே ஏறும். வேறு வாத நோய் என்று தவறவிடுவது இதில்தான்.

பாடத்தில் இடம் இருந்தால் ஆஜெஸ்கி நோயையும் சேருங்கள். பன்றி ஹெர்பஸ் வைரஸ், பெயர் போலிரேபிஸ். அதுவும் டைனீன் பிடித்துத்தான் ஏறுகிறது, ஆனால் உறையை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறும் கூடாக. மேலும் அது கைனெசின் பிடித்து இறங்கவும் செய்யும், நரம்பு முடிச்சில் வருடக்கணக்கில் உறங்கவும் செய்யும். ரேபிஸ் உறங்குவதில்லை.

பரிசோதனைக்கூடம்

பால் கேள்வி. காய்ச்சிய பாலுக்கு ஊசி தேவையில்லை, வைரஸ் கொதிநிலைக்கு வெகு கீழேயே செத்துவிடும். பச்சைப் பால் வேண்டாம் என்பது அறிவுரை. குடித்துவிட்டவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள், அவர் முடிவு செய்யட்டும். வெறிபிடித்த மாட்டின் பாலை விற்கவோ, இறைச்சிக்கு அறுக்கவோ விடக் கூடாது.

உண்மையான ஆபத்து பாலில் இல்லை, வாயில் இருக்கிறது. மாடு எச்சில் ஒழுக்கிக்கொண்டு விழுங்க முடியாமல் நின்றால் வீட்டுக்காரரும் சரி, உங்கள் மாணவரும் சரி, தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வெறுங்கையை முழங்கை வரை விட்டுத் துழாவுவார்கள். விரலில் அரிவாள் கீறல் ஒன்று இருந்தால் அது மூன்றாம் வகைத் தொற்று வாய்ப்பு. கையுறை இல்லாமல் கை விட வேண்டாம். விட்டுவிட்டால் 15 நிமிடக் கழுவல், அன்றே ஊசி.

கடித்த நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 நாள் கவனிப்பு விதி நாய்க்கும் பூனைக்கும் மட்டும். அவற்றின் எச்சிலில் வைரஸ் வருவது நோய்க்குறிக்கு முந்தைய சில நாள்களிலிருந்துதான். கடித்த நாளில் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் 10 நாளுக்குள் நாய் நோயுறும் அல்லது சாகும். நாயைக் கட்டிவைத்துப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பதல்ல விதி. ஊசியை உடனே தொடங்கி, 10-வது நாளும் நாய் நலமாக இருந்தால் மீதியை நிறுத்தலாம். மாடு, குரங்கு, கீரி, நரி எதற்கும் இந்தக் கணக்கு செல்லாது.